ஒரு கட்டை சுருதிக்கு வந்த ஒன்றரை சி.சி. எஞ்சின்

12 மி.மீ. விட்டத்தில் ஒரு வார்ப்பிரும்பு பிஸ்டன், அது ஓடுகிற எஃகு சிலிண்டர். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டோ மூன்றோ பங்கு. போன ஆடியில் தொடங்கி இந்தப் பங்குனி முடியும் வரை என் சாயங்காலங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது இந்த இடைவெளிதான். வீட்டுப் பட்டறையில் மாடல் விமானத்துக்குச் சின்ன டீசல் எஞ்சின் செய்யப் பார்க்கிற யாரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். அதனால் மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இதை மட்டும் நிதானமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கடைப் பலகைகளில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே இருக்கும், சந்தையில் பேரம் பெரும்பாலும் தமிழில் நடக்கும். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை அந்த ஊர் மில்லுக்கும் பவுண்டரிக்கும் போய் வந்தவர்கள். பெரியப்பா ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பட்டறை, வீட்டுக்குப் பின்னால் முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகை. உள்ளே நாலரை அடி பெட் உள்ள பழைய பெல்ட் லேத் ஒன்று, கோவையில் ஒரு பம்ப் பட்டறையை மூடியபோது எடைக்கு எடுத்தது. அதோடு ஒரு பெஞ்ச் டிரில்லிங், ஒரு சாணை, அரங்கள், 0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர், நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளில் காட்டும் ஒரு டயல். இவ்வளவுதான் சாமான்.

செய்யத் தீர்மானித்தது 12 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 13 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). கணக்குப் போட்டால் 1.47 சி.சி. வரும். மாடல் விமானக்காரர்கள் இதை டீசல் என்று சொன்னாலும் லாரி டீசலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இதில் எரிபொருளைப் பீய்ச்சும் பம்ப் கிடையாது. கார்புரேட்டர் போன்ற ஒரு சின்னக் குழாய் வழியாகக் காற்றும் எரிபொருளும் கலந்தே உள்ளே போகும். பிளக் இல்லை, பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. பிஸ்டன் மேலே ஏறி அமுக்குகிற அமுக்கத்தில் கலவை சூடாகித் தானே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றுவதற்காகத்தான் எரிபொருளில் ஈத்தர் சேர்ப்பது. சுமார் 170 டிகிரியிலேயே அது தானாகப் பற்றும். மண்ணெண்ணெய்க்கு 200-க்கு மேல் வேண்டும். 1946-ல் இங்கிலாந்தில் வந்த மில்ஸ் 1.3 சி.சி. எஞ்சின் இந்த வகையில் பேர் போனது. என்னுடையதும் அதே தத்துவம்தான். பிஸ்டனின் அடி விளிம்பே காற்று வரும் துளையைத் திறந்து மூடும், அதற்கெனத் தனி வால்வு எதுவும் இல்லை.

சிலிண்டரின் மேல்வாயை மூடுவது இன்னொரு குட்டி பிஸ்டன். எதிர்பிஸ்டன் என்று நான் சொல்வது இதைத்தான். தலையில் இருக்கும் திருகைத் திருப்பினால் அது கீழே இறங்கும், அமுக்கம் கூடும். திருகைத் தளர்த்தினால் உள்ளே வெடிக்கும் அழுத்தமே அதை மேலே தள்ளிவிடும். பதினாறு மடங்கு அமுக்கம் வேண்டுமென்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கும் எதிர்பிஸ்டனுக்கும் நடுவே 0.87 மி.மீ. இடம்தான் இருக்கலாம். அந்தக் குறுகிய இடத்தில் அடைபட்ட காற்று, பிஸ்டனின் பக்கவாட்டில் கொஞ்சம் கசிந்தாலும் சூடு ஏறாது. சூடு ஏறவில்லை என்றால் எஞ்சின் இல்லை. பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரிங் போடலாமே என்று கேட்பார்கள். இவ்வளவு சின்ன அளவில் ரிங் போடுவது அதைவிடக் கடினம். பொருத்தம் சரியாக இருந்தால் ரிங் தேவையும் இல்லை.

கிராங்க்கேஸை, அதாவது சிலிண்டருக்குக் கீழே கிராங்க் சுற்றும் கூட்டை, முதலில் வார்க்கப் பார்த்தேன். பழைய ஸ்கூட்டர் பிஸ்டன்களை உருக்கினால் நல்ல அலுமினியம் கிடைக்கும். சிரட்டைக்கரி அடுப்பு, முடி உலர்த்தும் ஊதுகுழல், ஆற்றுமணலோடு களிமண் சேர்த்த அச்சு. உருகியது, ஊற்றினேன், அச்சும் உடையாமல் வந்தது. ஆனால் லேத்தில் ஏற்றிக் கடைந்தபோது உள்ளே முழுக்க ஊசித்துளைகள். மணலில் ஈரம் அதிகம். இரண்டாவது தடவையும் அதே கதைதான். கிராங்க்கேஸில் துளை இருந்தால் கீழே உறிஞ்சிய கலவை மேலே ஏறாமல் கசிந்துவிடும். அதற்குமேல் அடம் பிடிக்கவில்லை. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு கனமான அலுமினியத் துண்டு கிலோ கணக்கில் வாங்கி, அதைக் குடைந்தே செய்துவிட்டேன்.

கிராங்க் ஷாஃப்ட் ஒரே துண்டு இ.என். 24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் கடைந்தது. ஸ்ட்ரோக் 13 என்றால், ராடு மாட்டும் முளை (கிராங்க் பின்) நடுவிலிருந்து 6.5 மி.மீ. விலகி இருக்க வேண்டும். நாலு தாடை சக்கில் விலக்கி வைத்து டயலில் பார்த்தால் ஒரு சுற்றுக்கு முள் 13 மி.மீ. ஓடும். என் டயலின் ஓட்டமோ 10 மி.மீ. தாழ்ந்த இடத்தில் டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, லேத்தில் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடைக் கைப்பிடிக் கணக்கில் சரியாக 13 மி.மீ. பின்னால் இழுத்து, உயர்ந்த இடத்திலும் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தாடைகளை நகர்த்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. பெரிய டயல் இல்லாதவர்கள் இந்த வழியைத் தைரியமாகப் பிடிக்கலாம், கைப்பிடியை ஒரே திசையில் திருப்பிக் கணக்கெடுத்தால் போதும்.

சரி, சிலிண்டருக்கு வருகிறேன்.

போரிங் கம்பியால் 11.98 வரை கடைந்து, மீதியை லேப்பிங் செய்து எடுப்பது திட்டம். லேப் என்பது ஒரு அலுமினிய உருளை. நீளவாக்கில் பிளந்து, நடுவில் ஒரு கூம்புத் திருகு வைத்தது. திருகைத் திருப்பினால் உருளை மயிரிழை பெருக்கும். அதன்மேல் அரைக்கும் பசையைத் தடவி, லேத்தில் மெதுவாகச் சுற்றவிட்டு, சிலிண்டரைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். பார்க்க எளிது. கை சூடாவதை வைத்தே எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று தெரிய ஆரம்பிக்கும். முதல் சிலிண்டரை மூன்று நாள் சாயங்காலத்தில் முடித்தேன். உள்ளே பார்த்தால் கண்ணாடி. பிஸ்டனையும் அதே மாதிரி ஒரு பித்தளை வளையத்தில் தேய்த்துப் பொருத்தினேன். எண்ணெய் விட்டுத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. மைக்ரோமீட்டரில் 12.00. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாவற்றையும் பூட்டி, புரொப்பல்லரை மாட்டி, எரிபொருள் விட்டுச் சுண்டினேன். சுண்டினேன் என்றால் நாள்கணக்கில். ஒரு தடவைகூடப் பற்றவில்லை. அமுக்கம் போதவில்லையோ என்று திருகை இறக்கினேன். எரிபொருள் போதவில்லையோ என்று புகை வெளியேறும் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அதில்தான் ஒரு சேதம் நடந்தது. எரிபொருள் அதிகமாகி, மேலே இருக்கும் 0.87 மி.மீ. இடம் முழுக்கத் திரவமே நிறைந்துவிட்டது. காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. பிஸ்டன் உச்சிக்கு முன்னால் நின்றுவிட்டது. நான் புரொப்பல்லரைப் பிடித்துப் பலமாகத் திருப்பினேன், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்தது. சுற்றும்போது திடீரென்று கல் போல இடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அமுக்கத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து, துளை வழியே வடியவிட்ட பிறகுதான் மறுபடி தொட வேண்டும். டியூராலுமின் என்ற உறுதியான அலுமினியக் கலவையில் புது ராடு ஒன்று செய்ய இரண்டு நாள்.

ராடை மாற்றுவதற்காகப் பிரித்துப் போட்டிருந்த பாகங்களைப் பெரியப்பா எடுத்துப் பார்த்தார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சிலிண்டரையும் பிஸ்டனையும் துடைத்து, எண்ணெய் இல்லாமல் காய்ந்தபடியே, அடிவாய் வழியாக விட்டு இரண்டு விரலால் தள்ளினார். பாதி வழியில் இறுகியது. இன்னும் தள்ளினார், மேலே வந்ததும் இலகுவாகிவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார்.

“மேல போகப் போக மூச்சு விடுது பாரு கண்ணு. எங்க புடிக்கணுமோ அங்க உட்டுட்ட” என்றார்.

அதுதான் விஷயம். நான் ஒவ்வொரு தடவையும் சிலிண்டரின் மேல்வாயைத்தான் லேப்பின் மேல் முதலில் நுழைத்தேன். புதுப் பசை எல்லாம் அந்த விளிம்பில்தான் குவிந்தது. ஓட்டும்போதும் அந்தப் பக்கம் லேப் முழுதாக வெளியே வரும்வரை இழுத்தேன். மூன்று நாளில் மேல்வாய் மணியின் வாய் போல விரிந்துவிட்டது. எவ்வளவு விரிந்திருக்கும்? ஐந்தாறு மைக்ரான் இருக்கலாம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு. என் மைக்ரோமீட்டரின் மிகச் சிறிய கோட்டில் பாதி அது. பளபளப்பைப் பார்த்து, அளவும் சரியென்று நம்பிவிட்டேன். எதிர்பிஸ்டன் கொஞ்சம் இலகுவாக உட்கார்ந்ததையும் அப்போது கவனித்தேன், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

இந்த எஞ்சினுக்கு வேண்டியது நேர் எதிரான வடிவம். போர் முழுக்க ஒரே அளவாகக்கூட இருக்கக் கூடாது. கீழே தாராளமாக ஓடி, புகை வெளியேறும் துளையைத் தாண்டி மேலே ஏற ஏற, இறுக்கம் சிறிது சிறிதாகக் கூட வேண்டும். அமுக்கம் எங்கே உச்சமோ அங்கே கசிவு குறைவாக இருக்க வேண்டும். ஓடும்போது மேல்பகுதிதான் அதிகம் சூடாகி விரியும், அந்த விரிவுக்கும் இந்த இறுக்கம் ஈடு கொடுக்கும். அலுமினியத்தில் பிஸ்டன் செய்தால் சூட்டில் எஃகைவிட இரண்டு மடங்கு விரிந்து சிலிண்டரிலேயே சிக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு எஃகைவிடக் கொஞ்சம் குறைவாகவே விரியும், போதாததற்கு அதில் இருக்கும் கிராஃபைட் தானே மசகு போல உதவும்.

இரண்டாவது முறை பெரியப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் மேல்வாயின் விரிவு மறையும்வரை போர் முழுவதையும் பெருக்கினோம். அது 12.02 வரை போனது. பிறகு லேப்பைச் சிறிது சுருக்கி, சிலிண்டரை எப்போதும் அடிவாய் வழியாகவே நுழைத்து, மேலே 10 மி.மீ. இருக்கும்போதே திருப்பி இழுத்தேன். மேல்பகுதிக்குக் கடைசியில் நாலைந்து ஓட்டம் மட்டும். ஒவ்வொரு பத்து ஓட்டத்துக்கும் நிறுத்தி, கழுவி, ஆறவிட்டு, பிஸ்டனை விட்டுப் பார்க்க வேண்டும். ஆறவிடுவது முக்கியம். கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும் சிலிண்டர் பொய் சொல்லும். நான் எடுத்த உடனே அளக்கப் போனால் பெரியப்பா, “வெய்யி, ஒரு காப்பி குடிச்சுட்டு வா” என்பார்.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்வு தேய்க்கிற கார்போரண்டம் பசை முரட்டு வேலைக்குத்தான். அதன் துகள்கள் வார்ப்பிரும்பில் புதைந்துகொண்டு, பிஸ்டனே ஒரு லேப்பாக மாறி சிலிண்டரைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் பிஸ்டனுக்குக் கடைசி வேலை பித்தளை பாலிஷில் மட்டும் செய்தேன். மண்ணெண்ணெயில் அலசினால் துகள் போகாது, எண்ணெய்தான் போகும். பாத்திரம் கழுவும் சோப்பு, சுடுதண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ். வெள்ளைத் துணியில் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும் கழுவ வேண்டும்.

பிஸ்டனைப் புதிதாகக் கடைந்து, பெரிய போருக்கு ஏற்றபடி தேய்த்தேன். முடிந்தபோது இப்படி இருந்தது: காய்ந்த நிலையில் அடிவாயில் தன் எடையிலேயே இறங்கும். துளையின் உயரத்தில் பிடிக்க ஆரம்பிக்கும். உச்சிக்கு 3 மி.மீ. இருக்கும்போது விரல் பலத்துக்கு நின்றுவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் உச்சிவரை போய், அங்கே ‘கீச்’ என்று ஒரு சின்ன சத்தம். எஞ்சினைப் பூட்டிப் புரொப்பல்லரைத் திருப்பினால் ரப்பர் பந்தை அமுக்கியது போலத் திருப்பித் தள்ளியது. அந்த எதிர்ப்பு விரலில் பட்டபோதே, இது ஓடும் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் ஓடவில்லை.

இது பங்குனி. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் வெயில் 40-ஐத் தொடும். கொட்டகைக்குத் தகரக் கூரை. மத்தியானம் வேலைக்கு இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நான் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிபொருள் மூன்றும் சம பங்கு: ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். புது எஞ்சினுக்கு எண்ணெய் அதிகமாகவே இருக்கட்டும் என்று அப்படிக் கலப்பது வழக்கம். விளக்கெண்ணெய் மட்டும் கடைத்தெருவில் எப்போதும் கிடைக்கும். நல்ல சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும் குணத்தில் அதற்கு ஈடு குறைவு.

ஒருநாள் பாட்டில் மூடியைத் திறந்தபோது சோடா பாட்டில் போல ‘புஸ்’ என்றது. அப்போதுதான் பொறி தட்டியது. ஈத்தரின் கொதிநிலை 34.6 டிகிரி. என் கொட்டகைக்குள் 38. கடையில் வாங்கி வந்ததிலிருந்து என் எரிபொருளில் இருந்த ஈத்தர் சும்மா ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. பாட்டிலில் பேனாவால் போட்டிருந்த கோட்டுக்கும் இப்போது நின்ற மட்டத்துக்கும் இரண்டு விரல்கடை வித்தியாசம். கடைசியில் நான் எஞ்சினுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது பெரும்பாலும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும்தான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் எஞ்சினைச் சூடாக்கும் வழிகள் நிறைய இருக்கும். எரிபொருளைக் குளிர்விக்க வேண்டும் என்று நம் ஊர் வெயில்தான் சொல்லித் தந்தது.

மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து வாசலில், காற்று ஓடும் இடத்தில் புதிதாகக் கலந்தேன். ஈத்தர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போய், தள்ளி இருக்கும் நெருப்பிலும் பற்றிக்கொண்டு திரும்பி வரும். அதனால் சமையலறை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னாலேயே கலந்து முடித்துவிட்டேன். 50 மில்லி பழுப்பு மருந்து பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடினேன். பாட்டிலுக்குள் காலி இடம் குறைந்தால் ஆவியாவதும் குறையும். வெளிச்சம் பட்டால் ஈத்தர் கெட்டுப்போய் வெடிக்கக்கூடிய பொருளாக மாறும் ஆபத்தும் உண்டு, அதனால் பழுப்புக் கண்ணாடி. பழைய ஈத்தரை வைத்திருக்கவே கூடாது, தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும். பாட்டில்களை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து, கிணற்றடி நிழலில் வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காய்ந்த காற்றுக்குப் பானை நன்றாகக் குளிரும். மத்தியானம் வெளியே 38 இருக்கும்போது மணலுக்குள் வைத்த தெர்மாமீட்டர் 28 காட்டியது.

சித்திரைக்கு நாலு நாள் முன்பு, காலை 5.50. ஒரு சொட்டு, அவ்வளவுதான், துளை வழியாகப் பிஸ்டன் தலையில். விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு சுண்டினேன். மூன்றாவது சுண்டில் ‘டொக்’ என்றது. அமுக்கத் திருகைக் கால் சுற்று இறக்கி மறுபடி சுண்டினேன். பிடித்துக்கொண்டது. நாலு நொடி ஓடி நின்றது. காற்று மட்டும் என் முகத்துக்கு வராமல் எதிர்ப்பக்கம் போனது. இந்த வகை எஞ்சினுக்கு வலம் இடம் கிடையாது. பிஸ்டன் விளிம்பு துளையைத் திறக்கும் நேரம் இரண்டு திசையிலும் ஒன்றுதான் என்பதால் எந்தப் பக்கமும் ஓடும். அடுத்த சுண்டில் சரியான திசையில் ஓடியது. ஈத்தரும் எரிந்த விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாசனை கொட்டகை முழுக்க நிறைந்தது. பெரியப்பா வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

முதல் நாற்பது நிமிடம் அதைத் தொடர்ந்து ஓடவிடவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பிறகு முழுக்க ஆறும் வரை ஓய்வு. எரிபொருள் தாராளமாக, அமுக்கம் குறைவாக. துளையிலிருந்து தெறிக்கும் எண்ணெயைக் கண்ணாடித் துண்டில் பிடித்துப் பார்த்தேன். முதலில் பென்சில் கரி போலக் கறுப்பு, தேய்ந்து வரும் உலோகம் அது. பத்தாவது ஓட்டத்தில் சாம்பல் நிறம். முப்பதாவது ஓட்டத்துக்குப் பிறகு தேன் நிறம்.

வேகம் அளக்க என்னிடம் கருவி இல்லை. என் மகள் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள், வீட்டில் சுருதிப் பெட்டி உண்டு. ஒரு நாள் எஞ்சின் ஓடும்போது கதவருகே நின்று கேட்டுவிட்டு, “அப்பா, இது கீழ் ஆறு கட்டை” என்றாள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். அந்த ஸ்தாயியின் ஆறு கட்டை நொடிக்கு 110 அதிர்வு. அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 6,600 சுற்று. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து அவள் பிடித்துக்கொள்ள, நான் எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை மயிரிழை மூடி, அமுக்கத்தைத் துளி கூட்டினேன். சத்தம் மெல்ல ஏறி ஏறி வந்து பெட்டியோடு சேர்ந்துகொண்டது. சேர்ந்த இடத்தில் இரண்டு ஒலிக்கும் நடுவே அலையடிப்பு நின்றுபோகும், காதுக்கே தெரியும். ஒரு கட்டை என்றால் அங்கே 130.8 அதிர்வு, 7,850 சுற்று. அதற்குமேல் இன்னும் அமுக்கம் கூட்டினால் சத்தம் கரகரத்து, சுருதி இறங்கியது. எஞ்சினுக்கு அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்தப் புது எரிபொருளுக்கும் சுருதிப் பெட்டிதான் எனக்கு மீட்டர்.

விமானம் பற்றிச் சுருக்கமாக. இறக்கையின் நீளம் 80 செ.மீ. பால்சா மரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். எங்கள் பக்கம் மட்டி மரம் கிடைக்கிறது. தீக்குச்சிக்காகச் சிவகாசிப் பக்கம் போகும் அதே மரம்தான். பால்சாவைவிட இரண்டு மூன்று மடங்கு கனம், ஆனால் மெல்லியதாகச் சீவினால் நேர்நாரில் அழகாக வரும். விலா எலும்புகளை அதில் வெட்டி நடுவில் துளையிட்டு எடை குறைத்தேன். முதுகெலும்பு மூங்கில். எஞ்சின் உட்காரும் கட்டைகள் பழைய கதவின் தேக்கு, அங்கே மெத்தென்ற மரம் அதிர்வு தாங்காது. தெர்மாகோலில் செய்தால் எளிது, ஆனால் எரிபொருள் பட்டால் அது உருக்குலைந்துவிடும். காகிதம் பட்டம் கட்டும் காகிதம், மேலே இரண்டு பூச்சு வார்னிஷ்.

ரிமோட் கிடையாது. நடுவில் நிற்பவர் கையில் ஒரு பிடி, அதிலிருந்து 0.3 மி.மீ. தடிமனில் இரண்டு எஃகுக் கம்பிகள், 12 மீட்டர் நீளம். பிடியைச் சாய்த்தால் வால் ஏறும், இறங்கும். விமானம் நம்மைச் சுற்றி வட்டமடிக்கும். எடையின் மையம் இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், வெளி இறக்கை நுனியில் 12 கிராம் ஈயம். 1871-ல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்பவர் ரப்பர் முறுக்கில் ஓடும் சின்ன விமானத்தை 11 நொடி பறக்கவிட்டார். இறக்கையைவிட வால் கொஞ்சம் தாழ்ந்த கோணத்தில் இருந்தால் விமானம் தானே நிதானப்படும் என்று அதில் காட்டியவர் அவர். அதே மாதிரி ஒரு ரப்பர் விமானத்தை முதலில் மகளோடு சேர்ந்து செய்து, ஈயத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். பெரியதில் தப்பு செய்யாமல் இருக்க அது ரொம்பவே உதவியது.

பறக்கவிட்டது அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த எங்கள் வயலில். இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்த்தது மின்கம்பி. கையில் எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், விமானம் மின்கம்பியைத் தொட்டால் நேராக உடம்புக்கு வரும். மின்பாதை கண்ணில் படுகிற வயலையே விட்டுவிட்டு உள்ளே தள்ளிப் போனோம். வரப்பைச் சுற்றித் தென்னை. வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும், ஆறரை மணிக்குள் முடிக்க வேண்டும்.

பெரியப்பா வரப்பில் உட்கார்ந்தார். மகள் விமானத்தைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சினை ஓட்டிவிட்டு, சுருதி சேர்ந்ததும், நடுவில் போய்ப் பிடியை எடுத்துக்கொண்டு தலையசைத்தேன். அறுத்த தாள்கட்டைகளுக்கு மேல் விமானம் தவ்வித் தவ்விப் போய், அரை வட்டத்தில் எழுந்துவிட்டது. கையில் கிட்டத்தட்ட அரைக் கிலோ இழுப்பு, 430 கிராம் விமானம் அதன் எடைக்கும் மேலாகவே இழுத்தது. ஒரு சுற்றுக்கு ஆறரை நொடி என்று மகள் எண்ணினாள். கணக்கில் மணிக்கு 42 கி.மீ. பத்துச் சுற்றுக்குள் எனக்குத் தலை சுற்றியது. விமானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, பின்னால் ஓடும் தென்னைகளைப் பார்க்காமல் இருந்தால் சரியாகிறது.

கள் இறக்க மரம் ஏறியிருந்த ஒருவர் மேலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது சுற்றுக்கு மேல் வந்ததும் எஞ்சின் சத்தம் ஒரு கட்டையிலிருந்து சட்டென ஏறியது. எரிபொருள் தீரப் போகிறது, கலவை மெலிகிறது. பிறகு நின்றது. மேலே இருந்தவர், “அண்ணோ, எறங்குது!” என்று கத்தினார். பிடியைக் கொஞ்சமாகச் சாய்த்து, காற்றின் சீறல் மட்டும் கேட்க ஒன்றரைச் சுற்று மிதந்து, வயல் கட்டையில் மூக்கு இடித்து நின்றது. புரொப்பல்லரில் ஒரு முனை உடைந்தது, வேறு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனைக் கழுவிக் காயவைத்து, பெரியப்பா கையில் கொடுத்தேன். அடிவாய் வழியாக விட்டுத் தள்ளினார். உச்சிக்கு 3 மி.மீ.க்குப் பதிலாக இப்போது 2 மி.மீ. வரை போய் நின்றது. அவர் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் புது புரொப்பல்லர் ஒன்று சீவிக்கொண்டிருக்கிறேன், 8 அங்குல நீளம், 4 அங்குலப் புரி (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்), இந்தத் தடவை முனையை இன்னும் கொஞ்சம் தடியாக விட்டு.